பதினொன்றாம் படுக்கையில் யார்?

முகம் கிடையாது, முதுகில் பேர் இருக்கும். கை இருக்கும், தொட்டால் தோல் தட்டுப்படாது. ஆறு மணி நேரம் தண்ணீர் குடிக்காது. கூப்பிட்டால் ஓடி வரும். அது என்ன?

பேய் என்றால் தப்பு. பொம்மை என்றாலும் தப்பு.

கொரோனா வார்டு நர்ஸ்.

பியூலா அப்படி ஒருத்தி. ஒரு மாவட்ட மருத்துவமனையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். அன்றைக்கு மத்தியானம் ஒரு ஸ்ட்ரெச்சரைத் தானே தள்ளிக்கொண்டு பிணவறைக்குப் போனாள். வழக்கமாகத் தள்ளுகிற இரண்டு பேருக்கும் காய்ச்சல்.

பிணவறை ஊழியர் ஆவுடையப்பன் அங்கே இருந்தார். வயதில் பியூலாவைவிடச் சின்னவர்தான். ஆனாலும் மருத்துவமனை முழுக்க அவர் அண்ணாச்சி.

"உங்களுக்கு மட்டும் எப்படி அண்ணாச்சி முடியுது?" என்றாள் பியூலா.

"என்னது?"

"இந்த வேலை."

ஆவுடையப்பன் குனிந்தார். ஸ்ட்ரெச்சர் நகராமல் இருக்க, சக்கரத்துக்கு ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தார்.

பியூலா சீட்டை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்க. நான் போறேன். நாளையில இருந்து வரமாட்டேன்."

"போடுதேன். யாரு இது?"

"சீட்டுல இருக்கே. இசக்கியம்மாள், முப்பத்திநாலு."

"அதை நானே வாசிச்சுக்கிடுவேன் சிஸ்டர். யாருன்னு கேட்டேன்."

"பதினொன்றாம் படுக்கை."

"பதினொண்ணுல இருந்து போன வாரமும் ஒரு ஆளு வந்தாரே. மீசை வச்சிருந்தாரு. அவரும் இவங்களும் ஒண்ணா?"

பியூலாவுக்குக் கோபம் வந்தது. கோபப்படவும் உடம்பில் தெம்பு இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஒண்ணும் ஞாபகம் இல்ல அண்ணாச்சி. எனக்குள்ள ஒண்ணுமே இல்ல. இன்னைக்கு இவங்க மூச்சு நின்னதும் முதல்ல என்ன நினைச்சேன் தெரியுமா? ஒரு ஆக்சிஜன் லைன் காலியாச்சுன்னு நினைச்சேன். நான் மனுஷியா?"

"அந்த லைனை யாருக்குக் குடுத்தீங்க?"

"வாசல்ல ஆம்புலன்ஸ்ல ஒருத்தர் காத்துக்கிட்டு இருந்தார். அவருக்கு."

"சரி," என்றார் ஆவுடையப்பன்.

கையெழுத்து மட்டும் போடவில்லை.

பியூலா தானாகவே சொன்னாள்: "இவங்க பொண்ணும் இங்கதான் இருக்கு. மாடியில, குழந்தைங்க வார்டுல. எட்டு வயசு. அப்பா துபாயில. போன் பண்ணினேன். ரொம்ப நேரம் அழுதுட்டு, 'பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க சிஸ்டர்'னு வச்சுட்டார். இந்த மாசம் எத்தனை வீட்டுக்குச் சொல்லிட்டேன்! இதைச் சொல்ல என்னால முடியாது. வேற யாராவது சொல்லட்டும்."

"வேற யாருக்கு இவங்களைத் தெரியும்?"

பியூலா ஸ்ட்ரெச்சர் பக்கம் பார்த்தாள்.

நர்ஸுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. டூட்டி முடிந்ததும் சும்மா கிளம்பிவிட முடியாது. அடுத்து வருகிறவளைப் படுக்கை படுக்கையாக அழைத்துப் போக வேண்டும். இவர் யார், எப்படித் தூங்கினார், எதற்குப் பயப்படுகிறார் என்று சொல்ல வேண்டும். 'சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று அவள் சொன்ன பிறகுதான் இவள் வீட்டுக்குப் போகலாம்.

செத்தவர்களைப் பற்றி யாரும் யாரிடமும் சொல்வதில்லை. படுக்கை காலியாகக் கிடக்கும். அரை மணி நேரத்தில் அதில் வேறொருவர் இருப்பார்.

"வார்டுல ஒருத்தருக்கு ஒருத்தர் சொல்லிக் குடுக்கீங்கள்லா," என்றார் ஆவுடையப்பன். "எனக்கு மட்டும் சீட்டுதானா? எல்லாரும் வாசல்லயே தள்ளி விட்டுட்டு ஓடிருதாங்க. நான் என்ன கடிச்சா வைக்கேன்?"

பியூலா சிரித்திருப்பாள். முகக்கவசத்துக்குள் என்ன நடந்ததென்று தெரியவில்லை.

"இவங்களுக்கு ரசம் பிடிக்காது," என்றாள்.

"ம்."

"ஆஸ்பத்திரி ரசத்தை மோந்து பார்த்துட்டுத் திருப்பி அனுப்பிருவாங்க. மாஸ்க்கை விலக்கிட்டு, 'நீ சாப்பிட்டியாம்மா?'னு என்னைக் கேப்பாங்க. மாஸ்க்கை எடுக்காதீங்கன்னு திட்டுவேன். மறுபடியும் எடுத்துக் கேப்பாங்க."

"ம்."

"சாயந்திரம் பொண்ணுகிட்ட வீடியோவில பேசணும். நான்தான் போனைப் பிடிச்சுக்குவேன். பேசினா மூச்சு இரைக்கும், பிள்ளை பயந்துரும். அதனால வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லுவாங்க. பிள்ளை சொல்லிக்கிட்டே இருக்கும். இவங்க தலையை மட்டும் ஆட்டிக்கிட்டு இருப்பாங்க."

"ம்."

"எல்லா நாளும் ஏழெட்டு எவ்வளவுன்னு தெரியாம நிக்கும். இவங்க விரலைக் காட்டுவாங்க. முதல்ல அஞ்சு விரல். அப்புறம் ஆறு, அம்பத்தாறுன்னு. நேத்து கை தூக்க முடியல. என் கையைத் தொட்டாங்க. நான் காட்டினேன்."

பியூலா தன் உறை போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பிள்ளைக்கு இது தெரியாது அண்ணாச்சி. அம்மா கோபமா இருக்கா, அதான் பேசாம வாய்ப்பாடு கேக்கான்னு நினைச்சுக்கிட்டு இருக்கு."

ஆவுடையப்பன் ஸ்ட்ரெச்சர் பக்கம் திரும்பி நின்றார்.

"சரி சிஸ்டர். இனி நான் பாத்துக்கிடுதேன்."

கையெழுத்துப் போட்டார். சீட்டைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"அந்த மீசைக்காரர் யாரு?"

பியூலா அங்கிருந்த மர ஸ்டூலில் உட்கார்ந்தாள். மீசைக்காரர் பஸ் டிரைவர். தூக்கத்தில் காலால் பிரேக் மிதிப்பார். அதற்கு முன் போனவர் ஒரு தமிழ் வாத்தியார். மருந்துச் சீட்டில் எழுத்துப் பிழை பார்த்துத் திருத்துவார். அதற்கும் முன்னால் ஒரு கிழவி. யாரையும் ஊசி போட விடமாட்டாள், பியூலாவைத் தவிர.

ஒவ்வொருவருக்கும் ஆவுடையப்பன், "சரி, நான் பாத்துக்கிடுதேன்," என்றார். 

கடைசியில் பியூலாவுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைக்க முடியாது. பாதுகாப்புக் கண்ணாடிக்குள் எல்லாம் மங்கிப் போயிற்று. அது தெளிகிறவரை அப்படியே இருந்தாள். 

பிறகு ஆவுடையப்பன் சீட்டைக் கொடுத்தார்.

"நாளைக் காலையில வரைக்கும் இவங்க இங்கதான் இருப்பாங்க. பிள்ளை பாக்கணும்னா கூட்டிட்டு வாங்க. தூரத்துல நின்னு முகம் பாக்கலாம்."

பியூலா மாடி ஏறினாள். நடுவில் இரண்டு தடவை நின்றாள்.

இசக்கியம்மாளின் மகள் அபிநயா படுக்கையில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அபி, அம்மா இறந்துட்டாங்க."

கால் நின்றது.

"எப்போ?"

"காலையில. பதினொரு மணிக்கு."

"நான் அப்போ கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"ஆமாடா."

அபிநயா தலையணை உறையின் நுனியை முறுக்கினாள். பிரித்தாள். மறுபடியும் முறுக்கினாள். பியூலா அவசரப்படுத்தவில்லை.

"அம்மா கீழே இருக்காங்க," என்றாள் பிறகு. "நீ போய் முகம் பார்க்கலாம். இல்லன்னா, இந்த ஆறு நாளும் நான் அம்மா கூடத்தான் இருந்தேன். அம்மா எப்படி இருந்தாங்க, என்ன செஞ்சாங்கன்னு எனக்குத் தெரியும். அதைச் சொல்லுறேன். ரெண்டும் வேணும்னாலும் சரி. ஒண்ணுமே வேண்டாம்னாலும் சரி."

அபிநயா யோசித்தாள். கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, படுக்கையில் இடம் விட்டாள்.

முதலில் சொல்லச் சொன்னாள்.