பச்சையில அறுத்த காடு

மேகம் வந்து வாசல்ல நிக்கிற ஒரு மலையூருல வெள்ளாயின்னு ஒருத்தி இருந்தாளாம். புருசன் செத்துப்போனவ, ஒரு துண்டுக் காட்டுல உருளைக்கெழங்கு போட்டுப் பொழச்சிட்டிருந்தா. அந்த மலையில மூணு மாசம் அடமழை, அப்ப ஊருக்குக் கெழங்குதான் சோறு. அதனால ராசா ஒரு சட்டம் வச்சிருந்தாரு. எல்லாரும் மழைக்கு முன்னாடி கெழங்கக் களஞ்சியத்துல போடணும், யாரு கெழங்கு அழுகுதோ அவங்க காடு அவங்களுக்கு இல்ல. உம் கொட்டுங்கடா, அப்பத்தான் கதை நகரும்.

அந்த வருசம் வெள்ளாயி காடு முழங்கால் உசரத்துக்குப் பச்சைப்பசேல்னு நிக்குது. ஒரு நாள் காலையில பாக்குறா, ஒரு எலையில கருப்பா ஒரு புள்ளி. மறுநாள் பாக்குறா, பத்துப் புள்ளி. மூணாம் நாள் பாக்குறா, ஒரு பாத்தி ஓரம் பூரா புள்ளி. மேல வந்த நோவு கெழங்குக்கு எறங்கிட்டா எல்லாம் போச்சே.

அருவாள எடுத்தா. மண்ணத் தொட்டுக் கும்புட்டு, "தாயே, ஒன் தலைய எடுக்குறேன், ஒன் புள்ளைகளக் காப்பாத்தத்தான் எடுக்குறேன்"ன்னு சொல்லிட்டு, அறுத்தா, அறுத்தா, பொழுது சாயிற மட்டும் அறுத்தா. அப்பறம் அந்தத் தழைய ஒண்ணு விடாம அள்ளிட்டுப் போயி தூரமாக் குழி வெட்டிப் பொதச்சா. காடு மொட்டையாக் கெடந்துச்சு.

அந்த ஊரு மணியக்காரன் சடையப்பனுக்கு அந்தக் காட்டு மேல ரொம்ப நாளாவே ஒரு கண்ணு. அவன் ராசாகிட்ட ஓடுனான். "மகாராசா, வெள்ளாயி பச்சப் பயிர அறுத்துப்புட்டா, அவளுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு, காட்ட எங்கிட்டக் குடுத்துருங்க"ன்னான்.

ராசா வந்து பாத்தாரு. "ஏன் தாயி அறுத்த?"

"கெழங்கக் காப்பாத்தத்தான் சாமி."

"அப்ப இப்பவே தோண்டு."

"இப்பக் கூடாது சாமி." அவ ஒரு கெழங்கக் கெளப்பிக் கட்டைவெரலால தேச்சா, தோலு உரிஞ்சு வந்துச்சு. "பாருங்க, பொறந்த புள்ளைத் தோலு. இன்னும் பதினஞ்சு நாளு மண்ணுக்குள்ள கெடந்தாத்தான் தோலு முத்தும், அழுகாது."

"கெட்டுப்போச்சுன்னா காடு போயிரும், தெரியுமில்ல?"

"தெரியும் சாமி"ன்னா. "பயமாத்தான் இருக்கு, ஆனாலும் பொறுத்துத்தான் ஆகணும்."

சடையப்பன் காட்டுலயும் அதே புள்ளிதான். ஆனா அவனுக்கு மொதல்ல கொண்டுபோயி ராசாகிட்டப் பேரு வாங்கணும். தழை நிக்கும்போதே கெழங்கப் புடுங்குனான், ஓடையில கழுவுனான், ஈரத்தோடயே களஞ்சியத்துல கொட்டுனான். முட்டை மாதிரி மினுமினுன்னு இருந்துச்சு. ராசாவே மெச்சிட்டாரு.

வெள்ளாயி அஞ்சாம் நாளு தேச்சுப் பாத்தா, தோலு உரிஞ்சுது. பத்தாம் நாளு பாத்தா, ஓரத்துல மட்டும் உரிஞ்சுது. பதினஞ்சாம் நாளு தேச்சா, வெரலுதான் வலிச்சுது, தோலு அசையல. அப்பத் தோண்டுனா பாருங்க, மேல ஒரு எலை இல்லாத மண்ணுக்குள்ள இருந்து கூடை கூடையா வருது. அவளுக்கே நம்ப முடியல, அங்கயே ஒக்காந்து அழுதுட்டா.

மண்ண ஒதறி, காய வச்சு, அவளும் களஞ்சியத்துல கொண்டுபோயிப் போட்டா. அப்பறம் மழை புடிச்சுது. நாப்பது நாளு கழிச்சுக் களஞ்சியத்துப் பக்கம் ஒரு வாடை, கிட்டப் போக முடியல. ராசா வந்து கதவத் தொறக்கச் சொன்னாரு. சடையப்பன் குவியலு கருப்புத் தண்ணியா ஓடுது. அந்தக் கடைசியில வெள்ளாயி குவியலு, போட்டது போட்டபடி இருக்கு. ராசா ஒண்ண எடுத்து வெட்டுனாரு, உள்ள வெள்ளை வெளேர்னு இருந்துச்சு.

அப்பறம் மெதுவாக் கேட்டாரு. "எலை இல்ல, வெயிலு இல்ல. இருட்டுல கெடந்த கெழங்குக்கு இந்தத் தோல யாரு தாயி போட்டது?"

"எனக்குத் தெரியாது சாமி. நான் அறுத்தேன், காத்திருந்தேன், அவ்வளவுதான்."

ராசா தலப்பாக்கட்ட அவுத்துக் கையில வச்சுக்கிட்டு, அந்த மழையில அவ காட்டுக்குப் போயி வெறும் மண்ணக் கும்புட்டாரு. ஊரே பின்னாடி நின்னு கும்புட்டுச்சு.

சடையப்பன் காடும் போச்சு, மணியமும் போச்சு. அழுகுனத அவனே கூடையில அள்ளித் தலையில சொமந்து ஊரத் தாண்டிக் கொண்டுபோயிக் கொட்டுனான், ஒழுகுற தண்ணி மூஞ்சியில வடியுது. அன்னைக்குச் சாயங்காலம் பசி பொறுக்காம வெள்ளாயி வாசல்ல சட்டியோட வந்து நின்னான். அவ சட்டிய வாங்குனா. நாலு கெழங்கப் போட்டு, "நல்லா வேக வச்சுத் தின்னு அண்ணே"ன்னா. அவனால தலையத் தூக்கவே முடியல.

பேருக்கு அவசரப்பட்டவன் சட்டி ஏந்துனான், பயந்துக்கிட்டே பொறுத்தவ அவனுக்கே சோறு போட்டா. கெழங்கு வெந்துருச்சு, கதையும் வெந்துருச்சு, ஊதி ஊதித் தின்னுட்டுப் படுங்க.