பிரிக்க அதிகாரமில்லை

கடல்நல்லூரை ஆண்ட வீரசொக்க ராஜாவுக்கு எதிரிகளே கிடையாது. படையெடுத்து வர நினைத்தவர்கள்கூட, கரை இறங்க முதலில் துறைமுகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று கேள்விப்பட்டு அப்படியே திரும்பிப் போனார்கள். இந்தப் பெருமையெல்லாம் துறைமுக அதிகாரி பஞ்சநதத்தைச் சேரும். அரண்மனை ஓலைக்குக்கூட அவர் முத்திரைதான் வேண்டும். அவர் கைக்குப் போன மனு எதுவும் உயிரோடு திரும்பியதில்லை.

அப்படிப்பட்டவர் முன்னால்தான் சேந்தன் மனைவியோடு வந்து நின்றான். சேந்தன் கப்பல் தச்சன். பிழைப்புக்காக மணித்தீவுக்குப் போனவன், அங்கேயே பல வருஷம் இருந்து, அந்த ஊர்ப் பெண் சுலாசியைக் கல்யாணம் செய்துகொண்டான். ராஜாவுக்கு ஒரு பெரிய கப்பல் கட்ட வேண்டியிருந்தது. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள் என்று ஊர் திரும்பியிருந்தான்.

"இது யார்?" என்றார் பஞ்சநதம்.

"என் மனைவி, ஐயா." தீவு அரசரின் முத்திரை வைத்த கல்யாண ஓலையைச் சேந்தன் நீட்டினான்.

"தீவு எழுத்தில் இருக்கிறது. தமிழில் பெயர்த்துக் கொண்டு வா. பெயர்ப்பவன் தீவுக்குப் போயிருக்கக் கூடாது. போனவன் உங்களுக்குச் சாதகமாக எழுதிவிடுவான்."

"போகாதவனுக்கு அந்த மொழி எப்படித் தெரியும்?"

"அது என் துறை இல்லை. அப்புறம், ஓலை ஒரு பருவத்துக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது."

"அங்கிருந்து கப்பல் வரவே இரண்டு பருவம் ஆகுமே."

"வேகமாக ஓடுகிற கப்பலைக் கட்டத் தெரியாதது உன் குறை."

கடைசியில் பெரிய மனசு பண்ணி ஒரு சலுகை கொடுத்தார். காற்று தீவுப் பக்கம் திரும்பும்வரை சுலாசி ஊருக்குள் இருக்கலாம். திரும்பியதும் முதல் கப்பலில் தீவுக்குப் போய்விட வேண்டும். சேந்தனும் கூடப் போகலாமா என்றால், கூடாது. ராஜாவின் கப்பல் முடியும்வரை தச்சன் துறைமுகத்தைத் தாண்ட முடியாதாம். அதற்கும் ஒரு சட்டம் வைத்திருந்தார்.

இதற்கிடையில் சுலாசிக்கு வயிற்றில் குழந்தை தங்கியது. சேந்தன் தினமும் பாய்மரத்துத் துணி எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்துப் பார்த்தே இளைத்துப்போனான். உளியை எடுத்தால் கை ஓடவில்லை. ஒருநாள் துணி, தீவு இருக்கும் கிழக்குப் பக்கம் அசைந்தது. அன்றைக்கே இருவரும் அரண்மனை விகடர் திருமேனியின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். ராஜாவைக் கேலி செய்துவிட்டுத் தலையோடு வீடு திரும்பக்கூடிய ஒரே மனிதர் அவர்தான்.

முழுவதையும் கேட்டுவிட்டு, "நீ என்னம்மா சொல்கிறாய்?" என்று சுலாசியிடம் கேட்டார் திருமேனி.

"எங்கள் தீவில் கல்யாணம் நடந்தால் ஊரே சாட்சி, ஐயா. இங்கே அந்த ஊருக்கே சாட்சி கேட்கிறார்கள்," என்றாள் அவள். தமிழ் தெளிவாகத்தான் வந்தது. குரல்தான் உடைந்திருந்தது.

திருமேனி ராஜாவிடம் போனார். ராஜா கையை விரித்தார். "சட்டம் என் பாட்டனார் போட்டது. ஒன்று செய்யும். இவர்கள் புருஷன் பெண்டாட்டிதான் என்று பஞ்சநதத்தின் முத்திரையோடு ஓர் ஓலை கொண்டு வாரும். அந்தப் பெண் இங்கேயே இருக்கட்டும். ஆனால் அவரை மிரட்டக் கூடாது. கைக்கூலி கொடுக்கக் கூடாது. மனுவில் பொய் இருக்கக் கூடாது."

"அவர் இதுவரை எந்த மனுவையாவது ஏற்றுக்கொண்டிருக்கிறாரா, மகாராஜா?"

"எனக்குத் தெரிந்து இல்லை," என்று சிரித்தார் ராஜா.

"அது போதும்," என்றார் திருமேனி.

மறுநாள் சேந்தன் துறைமுகத்தில் ஒரு மனுவைக் கொடுத்தான். திருமேனி சொல்லச் சொல்ல எழுதியது. 'சேந்தனும் அவன் மனைவி சுலாசியும் எழுதிக்கொண்டது. எப்படியும் எங்களைப் பிரிக்கப் போகிறீர்கள். காற்றுக்காகக் காத்திருந்து சாவதைவிட, பிரிப்பதானால் இன்றைக்கே பிரித்து உத்தரவு கொடுக்க வேண்டும்.'

பஞ்சநதம் படித்தார். அவர்கள் ஏதோ உத்தரவு கேட்கிறார்கள் என்பது புரிந்ததும் முகம் மலர்ந்தது. மறுக்க ஒரு நல்ல காரணமும் உடனே கிடைத்துவிட்டது. அவரே எழுத்தாணியை எடுத்து எழுதி, முத்திரையை அழுத்திக் கொடுத்தார்.

சபை கூடியது. திருமேனி அந்த ஓலையை வாசித்தார்.

"'சேந்தன், அவன் மனைவி சுலாசி ஆகியோரின் மனு நிராகரிக்கப்படுகிறது. கணவனையும் மனைவியையும் பிரிக்க இந்தத் துறைக்கு அதிகாரமில்லை. இப்படிக்கு, பஞ்சநதம்.'"

சபையில் யாரோ தும்முவது போல ஆரம்பித்தார்கள். அது சிரிப்பு.

"முத்திரை உம்முடையதுதானே?" என்றார் ராஜா.

பஞ்சநதத்துக்கு வியர்த்தது. "என்னுடையதுதான், மகாராஜா. ஏதோ அவசரத்தில்... அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதி வேண்டும்."

"அதற்கு மனு எழுத வேண்டுமே," என்றார் திருமேனி. "துறைமுக அதிகாரியிடம் கொடுங்கள். ஆனால் ஐயா, அந்த மனிதர் எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள்."

ராஜா கிரீடம் நழுவுகிற அளவுக்குச் சிரித்தார். சுலாசி கடல்நல்லூரிலேயே இருக்கலாம் என்று அங்கேயே தீர்ப்புச் சொன்னார். சேந்தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டான். சபையில் அப்படிப் பிடிக்கக் கூடாது என்று ஒரு சட்டம் உண்டு. பஞ்சநதம் அதை அன்றைக்கு ஞாபகப்படுத்தவில்லை.

"திருமேனி, உமக்கு ஆற்றங்கரைத் தோப்பைப் பரிசாகத் தருகிறேன். இப்போதே ஓலையில் எழுதச் சொல்கிறேன்," என்றார் ராஜா.

திருமேனி பதறிப்போய்க் கும்பிட்டார். "வாயால் கொடுத்தால் போதும், மகாராஜா. ஓலை என்றால் பஞ்சநதம் ஐயா வழியாகத்தான் வரும்."