கருஞ்சிறகி கொக்கரிக்காத காலை

மூங்கில் அடர்ந்த காடு ஒன்றில் கருஞ்சிறகி என்ற கோழி வாழ்ந்து வந்தது. அதன் முட்டை மற்றக் கோழிகளின் முட்டை மாதிரி வெள்ளையாக இருக்காது. கருப்பட்டி நிறத்தில் பளபளவென்று இருக்கும். அந்தக் காட்டில் அதன் குலத்துக்கு மட்டுமே வாய்த்த நிறம் அது. கருஞ்சிறகிக்குப் பெருமை தாங்கவில்லை. பின்னே, இருக்காதா?

முட்டை இட்டதும் காடே அதிரும்படி கொக்கரிக்கும். "வாருங்கள், எங்கள் குலத்து முட்டையை வந்து பாருங்கள்!" முயலும் காடையும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வரும்.

நரிக்கும் அந்த முட்டைகள் மேல் ஒரு கண். ஆனால் கருஞ்சிறகியின் அலகை நினைத்தாலே நடுக்கம். ஒரு நாள், கோழி தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கருஞ்சிறகியோ ஒரு பாவமும் அறியாத உடும்பைத் திட்டித் தீர்த்தது. அதன் பிறகு, காடையைக் காவல் வைக்காமல் கூட்டை விட்டு நகர்வதில்லை.

அந்தக் குலத்துக் கோழிகள் தொடர்ந்து முட்டையிட்டால், போகப் போகச் சாயம் குறைந்து முட்டை வெளுக்கும். அது இயற்கைதான். ஆனால் கருஞ்சிறகிக்கு அதுதான் முதல் பருவம். அதற்கு இது தெரியாது. ஒரு காலையில் தான் இட்ட முட்டையைத் திரும்பிப் பார்த்தது. வெளிறிய மண் நிறம்! வெட்கத்தில் அது வாயே திறக்கவில்லை.

"இன்று கோழி ஏன் கொக்கரிக்கவில்லை?" என்று யோசித்த நரி, மெல்ல வந்து எட்டிப் பார்த்தது. பார்த்ததும் புரிந்துவிட்டது.

"அடடா, கருஞ்சிறகி அக்கா! இதை யாராவது பார்த்தால் உங்கள் குலத்து மானம் என்ன ஆவது? என்னிடம் கொடுங்கள். யாருக்கும் தெரியாமல் புற்றடியில் புதைத்துவிடுகிறேன்."

"யாரிடமும் சொல்லிவிடாதே, தம்பி" என்று கெஞ்சியபடி கருஞ்சிறகி முட்டையை உருட்டிவிட்டது. மறுநாளும் வெளிறிய முட்டைதான். அதுவும் நரியோடு போனது.

ஆனால் பெற்ற மனம் கேட்குமா? புதைத்த இடத்தையாவது பார்த்து வரலாம் என்று, காடையைக் காவலுக்கு வைத்துவிட்டுப் புற்றடிக்குப் போனது. அங்கே மண் கிளறிய தடமே இல்லை. சற்றுத் தள்ளி, நரியின் குகை வாசலில் முட்டை ஓடுகள் சிதறிக் கிடந்தன. வெளிறிய ஓடுகள். அவற்றோடு, காணாமல் போன கருப்பட்டி நிற முட்டையின் ஓடும்!

கருஞ்சிறகி அழுதுகொண்டே அவற்றைப் புரட்டியது. உட்புறம் எல்லாமே ஒரே வெள்ளை.

"என் முட்டைகளை நானே தூக்கிக் கொடுத்தேனே!" என்று அது குமுறியது.

அடுத்த நாளும் முட்டை வெளிறித்தான் இருந்தது. கருஞ்சிறகி அதைத் தன் சிறகுக்கடியில் வைத்துக்கொண்டு, முட்டை மாதிரியே இருந்த ஆற்றங்கரைக் கூழாங்கல் ஒன்றை வெளியே உருட்டி வைத்தது. நரி வந்தது.

"இன்றும் அதே கதைதானா, அக்கா?"

"அதே கதைதான், தம்பி. சீக்கிரம் எடுத்துப் போ."

நரிக்குப் பொறுமை ஏது? நான்கு அடி போனதும் மறைவில் நின்று கடித்தது. கடக்! முன் பல் இரண்டும் தெறித்து விழுந்தன. "ஐயோ!" என்ற அலறல் கேட்டுக் காடே கூடிவிட்டது.

கருஞ்சிறகி தலையை நிமிர்த்தியது. "அடடா, நரித் தம்பி! பல் போன நரியை யாராவது பார்த்தால் உங்கள் குலத்து மானம் என்ன ஆவது? புற்றடியில் போய் ஒளிந்துகொள்!"

எல்லா விலங்குகளும் சிரித்தன. உடும்பு மட்டும் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தது. நரி வாயைப் பொத்திக்கொண்டு ஓடியது.

பிறகு கருஞ்சிறகி அந்த வெளிறிய முட்டையை எல்லாரும் பார்க்க முன்னே தள்ளி வைத்துக் கொக்கரித்தது. அதுவரை காடு கேட்காத கொக்கரிப்பு அது. "வந்து பாருங்கள்! இதுவும் எங்கள் குலத்து முட்டைதான்!"

கருப்பட்டி நிற முட்டைகளையும் வெளிறியதையும் ஒன்றாகவே அடைகாத்தது. குஞ்சுகள் பொரிந்து வந்தன. எந்தக் குஞ்சு எந்த முட்டையிலிருந்து வந்தது என்று கருஞ்சிறகிக்கே தெரியவில்லை.

நீதி: நம்முடையதைக் குறை சொல்லிவிட்டு, அதையே தன்னிடம் கொடுக்கச் சொல்பவனை நம்பாதே.