பனியில் நனையாத பெட்டி

சேர்வராயன் மலைச்சரிவில், காபித் தோட்டங்களுக்கு நடுவே ஒரு தியான வீடு இருந்தது. அதை நடத்தியவர் மங்கையர்க்கரசி என்ற பெண்மணி. எல்லோரும் அவரை அம்மா என்றார்கள். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தணிகாசலம் அங்கே சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு அறுபது வயது. அம்மா அவரைவிடப் பதினான்கு வயது இளையவர்.

தினமும் விடிந்ததும் ஒரு மணி நேரம் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பேசுவதில்லை. பனி ஜன்னல் வழியாக உள்ளே வந்து, ஆட்களுக்கு நடுவே இடம் பார்த்து உட்காரும். இலைகளிலிருந்து நீர் சொட்டும். சில நாட்களில் எந்த மூச்சு யாருடையது என்றே தெரியாது.

வெளியூரில் இருப்பவர்களும் அந்த ஒரு மணி நேரத்தைக் கேட்கட்டும் என்று தணிகாசலம் கூடத்தில் ஒரு மைக் வைத்து இன்டர்நெட்டில் அனுப்பிவந்தார். கேட்டவர்கள் பத்துப் பேர் இருக்கலாம். அவர்களில் ஒருவர் கோதைநாயகி, பள்ளி ஆசிரியை. முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை முடிந்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு மாதமாக மல்லாந்து படுத்திருந்தார். புரண்டு படுக்கவும் முடியாது. அந்த ஒரு மணி நேரம் மட்டும் தானும் மலையில் இருப்பதாக ஒருமுறை எழுதியிருந்தார்.

ஐப்பசி பிறந்ததும் லைன் விட்டுவிட்டுப் போனது. விடியற்காலையில் மோடத்தின் பச்சை விளக்கு அணையும். வெயில் ஏறினால் தானாகவே எரியும். கோதைநாயகியிடமிருந்து ஒரு வரி வந்தது. சத்தம் நின்றுவிட்டால் இந்த அறையின் கூரை மட்டும்தான் எனக்கு மிச்சம், ஐயா.

தணிகாசலத்துக்கு அது தாங்கவில்லை. மோடம் இன்டர்நெட் கம்பெனி கொடுத்தது. அவர்களுக்குப் போன் செய்து சண்டை போட்டார். ஓர் ஆள் மலையேறி வந்து வேறு மோடம் மாட்டிவிட்டுப் போனார். அதுவும் அணைந்தது. எல்லாம் கம்பெனியின் தப்பு என்று கோதைநாயகிக்குப் பதில் எழுதினார். மறுநாளும் அதையே எழுதினார்.

பிறகு அம்மாவிடம் போனார். கம்பெனிக்காரர்கள் கொடுப்பது மட்டமான பெட்டி என்றும், நல்லதாக ஒன்றை நாமே வாங்கி மாட்டிக்கொள்ள வழி இருக்கிறது என்றும் சொன்னார். ஆனாலும் துணிய முடியவில்லை என்றார்.

“ரெண்டு பெட்டிக்கும் என்ன வித்தியாசம்?” என்று அம்மா கேட்டார்.

“அவர்கள் பெட்டி என்றால், கெட்டுப்போனால் அவர்கள் பொறுப்பு. நம் பெட்டி என்றால் கேட்க ஆள் கிடையாது, அம்மா.”

“அப்படியென்றால் நம்முடையதையே வாங்குங்கள்.”

அன்றே பஸ் பிடித்துச் சேலத்துக்கு இறங்கினார். கடை கடையாக விசாரித்து ஒரு மோடம் வாங்கி வந்தார். கம்பெனியில் கேட்டுப் பாஸ்வேர்டைப் போட்டு, தானே மாட்டினார். அவர்களுடையதைத் துணியில் சுற்றி, திருப்பிக் கொடுக்க எடுத்து வைத்தார். மூன்று நாள் விடியல் பனியில்லாமல் தெளிந்திருந்தது. மூன்று நாளும் விளக்கு எரிந்தது. இனிமேல் நிற்காது என்று கோதைநாயகிக்கு எழுதினார்.

நான்காம் நாள் பனி இறங்கியது. விளக்கு அணைந்தது.

தணிகாசலத்தின் கை போனை எடுத்தது. யாருக்குப் போடுவது என்று தெரியாமல் திரும்ப வைத்தது. அன்று கோதைநாயகிக்கு எழுதவில்லை. அதற்கு மறுநாளும் எழுதவில்லை.

ஆறாம் நாள் எல்லோரும் கண்ணை மூடியபின் அவர் எழுந்தார். ஜன்னலோரம் போய், வெளியே போகிற ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார். பனியில் தன் கையே தெரியவில்லை. ஒயர் மட்டும் இருந்தது. அது காபிச் செடிகளுக்குள் நுழைந்தது, வேலியைத் தாண்டியது, பிறகு சரிவில் இறங்கியது. எவ்வளவு தூரம் வந்தோம் என்பது அவருக்கு மறந்துபோனது. தூக்கத்தில் நடப்பதுபோல் நடந்தார்.

ரோடு திரும்புகிற இடத்தில் ஒரு சில்வர் ஓக் மரம் இருந்தது. ஒயர் அதில் ஏறியது. மரத்தடியில் யாரோ நிற்பது தெரிந்தது. கிட்டே போனார்.

அம்மா நின்றிருந்தார். கண் மூடியிருந்தது. நீட்டிய கையில் செல்போன். அந்த மலைச்சரிவில் ஒரு மணி நேரமும் அறுந்துபோகாமல் சிக்னல் கிடைப்பது அந்த வளைவில் மட்டும்தான். போனில் கோதைநாயகியின் பெயர் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பள்ளத்தாக்கின் அமைதி அதற்குள் போய்க்கொண்டிருந்தது.

கூடத்திலிருந்து அம்மா எழுந்து வந்ததை யாரும் பார்த்திருக்க முடியாது. எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள்.

தணிகாசலம் மூச்சுச் சத்தம் கேட்காதபடி பக்கத்தில் நின்றார். தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். மேலே ஒயரில் ஓர் ஒட்டு. இரண்டு வருடத்துக்கு முன் பழைய மரம் சாய்ந்து ஒயர் அறுந்தபோது அவரே போட்ட ஒட்டு. சுற்றியிருந்த டேப் பிரிந்து தொங்கியது. உள்ளே செம்பு பச்சை பிடித்திருந்தது.

அன்று பகலில் ஏணி போட்டு ஏறி, அதை வெட்டி எறிந்துவிட்டு, தண்ணீர் இறங்காதபடி புதிதாக ஒட்டுப் போட்டார். மறுநாள் கூடத்தில் எதிரில் இருப்பவர் தெரியாத அளவுக்குப் பனி. விளக்கு அணையவில்லை.

தப்பு தன்னுடையது என்று கோதைநாயகிக்கு எழுதினார். கம்பெனி ஆளுக்கும் போன் செய்து அதையே சொன்னார். கோதைநாயகியிடமிருந்து பதில் வந்தது. இன்று நடுவில் யாரோ இருமினார்கள், நானே அங்கே உட்கார்ந்து இருமியதுபோல் இருந்தது.

சாயங்காலம் அம்மா தனியாக இருந்தபோது தணிகாசலம் போய் உட்கார்ந்தார்.

“லைன் போன நாளெல்லாம் அந்த மரத்தடியில்தான் நின்றீர்களா?”

“ஆமாம்.”

“மேலே ஒட்டு நனைவதைப் பார்த்தீர்களா?”

“தோளில் சொட்டிக்கொண்டே இருந்ததே.”

கம்பெனிப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை என்றார் தணிகாசலம். புதிது வாங்கியிருக்கவே வேண்டாம் என்றார்.

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, அம்மா?”

“சொல்லியிருந்தால், கம்பெனி கொடுத்ததுபோல் அதுவும் நான் கொடுத்த பெட்டியாகத்தானே இருந்திருக்கும்?”