ரிசீவரின் பின்பக்கம்

சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்தில், தியானக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து தவசிமுத்து பொருமிக்கொண்டிருந்தார்.

பக்தர் ஒருவர் ஹோம் தியேட்டர் கொடுத்திருந்தார். பெரிய டிவி, டிஸ்க் பிளேயர், ஐந்து ஸ்பீக்கர்கள், நடுவே கனத்த ரிசீவர். பிளேயர் தருவதை வாங்கிப் படத்தை டிவிக்கும் ஒலியை ஸ்பீக்கர்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. வயரையெல்லாம் மாட்டியாகிவிட்டது. படமும் இல்லை, சத்தமும் இல்லை.

அவர் வயிற்றெரிச்சல் அது மட்டுமல்ல. மகள் பூங்கோதை புருஷன் வீட்டை விட்டு வந்து ஆசிரமச் சமையல்கட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். ஏன் வந்தாள் என்பது குருவுக்குத் தெரியும். பெற்ற அப்பனுக்குத் தெரியாது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

குரு மங்கையர்க்கரசி உள்ளே வந்தார். தவசிமுத்துவைவிட வயதில் ரொம்பச் சின்னவர். இருந்தாலும் அவருக்கு அம்மாதான்.

"இது என்னம்மா நியாயம்? தோள்ல தூக்கி வளர்த்தவன் நான். அவ உங்ககிட்ட வந்து அழறா. என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கிறா!"

"பெட்டி பாடுதா?"

"எங்க பாடுது? ஆகாத பெட்டியை நம்ம தலையில கட்டிட்டாரு அந்த மனுஷன்!"

ஆத்திரத்தோடு ஒலியைக் கூட்டும் குமிழை முழுசாகத் திருகினார். ஸ்பீக்கர்கள் மூச்சுவிடவில்லை.

"எதைக் கூட்டுறீங்க?"

"சத்தத்தைத்தான்."

"எங்கேருந்து வர்ற சத்தத்தை?"

தவசிமுத்துவுக்குச் சுருக்கென்றது. குரு ரிசீவரைத் திருப்பிவைத்துக் குனிந்து பார்த்தார்.

"பிளேயர் வயர் 'அவுட்'ல இருக்கு."

"பிளேயர்லேருந்து படம் வெளியே வருதுல்ல? அதான் அவுட்."

"வெளியே வந்தது பெட்டிக்குள்ள போக வேண்டாமா?"

டிவி வயரோ 'இன்'னில் இருந்தது. இரண்டும் இடம் மாறிக் கிடந்தன. தவசிமுத்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வயர்களைப் பிடுங்கினார்.

"அன்னைக்குப் பூங்கோதை புருஷன் வீட்லேருந்து போன் பண்ணினப்போ என்ன சொன்னா?" என்று கேட்டார் குரு.

"படிச்சுப் படிச்சுச் சொன்னேன்மா! அனுசரிச்சுப் போ, நாலு பேரு சிரிக்கிற மாதிரி வெச்சுக்காதேன்னு. 'உங்கம்மா என்கிட்ட படாத பாடா'ன்னுகூட..."

"நீங்க சொன்னதைக் கேக்கல. அவ என்ன சொன்னா?"

"'அப்பா, அவரு...'ன்னு ஆரம்பிச்சா."

"அப்புறம்?"

தவசிமுத்து யோசித்தார். அப்புறம் பேசியதெல்லாம் அவர்தான். கடைசியில் போனை வைத்ததும் அவர்தான்.

வயர்களை மாற்றி மாட்டினார். கூடமே அதிர்ந்தது. மாடத்துப் புறாக்கள் படபடவென்று பறந்தன. பதறிப்போய்க் குமிழைப் பின்னால் திருப்பினார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பூங்கோதை வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்த்ததும் திரும்பி நடந்தாள்.

தவசிமுத்துவின் கண் கலங்கிவிட்டது. கோபம் மட்டும் இன்னும் முழுசாக இறங்கவில்லை.

"பாருங்கம்மா, போறா. நான் இப்ப அவகிட்டப் போய் என்னதான் சொல்லட்டும்?"

"அவளே இன்னும் சொல்லி முடிக்கலையே" என்றார் குரு.