ஆட்டு இதயமும் ஆரத்தி நீரும்

மலையடிவாரத்து வைத்தியசாலையில் குருவுக்கு வயது முப்பது, சிஷ்யைக்கு நாற்பத்தொன்று. குருவின் பெயர் இசக்கி. சிஷ்யை செங்கமலம். குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். சிஷ்யை குருவை "குருவே" என்பாள். மருந்து வாங்க வருகிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இவர்கள் இருவரும் அதைச் சட்டை செய்வதில்லை.

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்து செங்கமலத்துக்குப் பிறந்த பிள்ளை மயிலம்மை. ஏழு மாதம். போன வாரம் காய்ச்சலில் அது துவண்டு கிடந்தபோது இசக்கிதான் நாடி பார்க்கச் சொல்லிக்கொடுத்தாள். கைக்குழந்தைக்கு மணிக்கட்டில் சரியாக அகப்படாது, மேல்கையின் உள்பக்கம் விரல் வைக்க வேண்டும் என்று.

வைத்த விரலை செங்கமலம் எடுக்கவே இல்லை. காய்ச்சல் விட்டு நாலு நாளாகியும் எடுக்கவில்லை. சோறு இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே கண் சொருகும். உடனே திடுக்கிட்டு விழிப்பாள். பால் வற்றிக்கொண்டே வந்தது. பிள்ளை சப்பிப் பார்த்துவிட்டுச் சிணுங்கியது.

"அக்கா, இப்படியே போனா நின்னுடும். சாப்பிட்டுட்டுப் படுங்க."

"கையை எடுத்தாத்தான் நின்னுடுமோன்னு இருக்கு, குருவே."

"பாலா?"

"நாடி."

இசக்கி பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சலே இல்லையே, அக்கா."

"நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?" செங்கமலத்தின் குரலில் அலுப்பும் கோபமும் கலந்திருந்தன. "ரத்தம் தமனி வழியாக் கிளம்பி உடம்பெல்லாம் ஊட்டிட்டு, சிரை வழியாத் திரும்பி வருது, நுரையீரலுக்குப் போய்க் காத்து வாங்கிட்டு மறுபடியும் கிளம்புதுன்னு. எல்லாத்தையும் இதயம்தான் தள்ளுது. கைப்பிடி அளவு சதை. அது தூங்குதா? நான் மட்டும் எப்படித் தூங்குறது?"

"அந்தச் சதைக்கு யார் ஊட்டுறது?"

"அதுக்கென்ன குறைச்சல்? ரத்தத்துலயே ஊறிக் கிடக்கு. வேணுங்கிறதைக் குடிச்சுக்கும்."

"அப்படியா? மஸ்தான் பாய் கடையில ஒரு ஆட்டு இதயம் வாங்கிட்டு வாங்க. மேலே இருக்கிற பெரிய குழாயை நறுக்க வேண்டாம்னு சொல்லுங்க. நாலு விரல் நீளம் இருக்கட்டும்."

"பிள்ளை..."

"தூக்கிட்டே போங்க."

கறிக்கடையில் மஸ்தான் பாய் கத்தியைக் கட்டையில் ஊன்றிவிட்டுச் சிரித்தார். "என்ன தாயி, வைத்தியசாலையில விருந்தா? குழாயோட கேக்குறீங்களே, அதுல என்ன ருசி இருக்கு?" பிறகு அவள் விரலைப் பார்த்தார். "கையைக் கொஞ்சம் விடும்மா. பிள்ளை என்ன, கயிறறுத்த கிடாவா ஓடிப்போக?"

செங்கமலத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நடந்தாள். கால் மரமாகக் கனத்தது. வழியில் ஒரு இடத்தில் நாடி தட்டுப்படாமல் போக, வெயிலில் அப்படியே நின்றுவிட்டாள். விரல் சற்று விலகியிருந்தது, அவ்வளவுதான்.

அவள் திரும்பி வருவதற்குள் இசக்கி மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, ஆரத்தி நீர்போலச் சிவக்க வைத்திருந்தாள். இதயத்தைத் தட்டில் வைத்து, அதன் மேல்பரப்பில் கொழுப்புக்கிடையே ஓடிய மெல்லிய குழாய்களைக் காட்டினாள். நூல் மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"உள்ளறையில ஊத்துறேன். குடிக்குதா பாருங்க."

செங்கமலம் குனிந்து பார்த்தாள். அறை நிறைந்தது. வெளியே நூல்கள் வெளுத்தேதான் கிடந்தன.

"இவ்வளவு இருக்கு. ஒரு வாய் குடிக்கலியே?"

"உள்ளே இருக்கிறது ஊருக்குப் போறது, அக்கா."

"அப்போ இது பட்டினியா?"

இசக்கி அறையிலிருந்த நீரைக் கொட்டினாள். "பெரிய குழாய் கிளம்புற இடத்துலயே ரெண்டு கிளை பிரியுது. மூளைக்குப் போறதுக்கு முன்னாடி, கைகாலுக்குப் போறதுக்கு முன்னாடி. அது எங்கே போகுதுன்னு பாருங்க. நான் குழாயில ஊத்துறேன். நீங்க ரெண்டு கையாலயும் இதயத்தைப் பிடிச்சு இறுக்குங்க."

செங்கமலம் இறுக்கினாள். நீர் குழாயின் வாய்வரை வந்து நின்றது.

"இன்னும்."

விரல் கணுக்கள் வெளுக்க இறுக்கினாள். "போகலை, குருவே."

"விடுங்க."

பிடி தளர்ந்தது. நின்ற நீர் சட்டென்று இறங்கியது. ஒரு நூல் சிவந்தது. அதன் கிளை சிவந்தது. அதிலிருந்து மயிரிழைபோலப் பிரிந்தவையும் சிவந்து சதைக்குள் மறைந்தன.

செங்கமலம் மறுபடி இறுக்கினாள். நின்றது. தளர்த்தினாள். ஓடியது. யாரும் சொல்லாமலே திரும்பத் திரும்பச் செய்தாள். கிண்ணம் காலியாக, இசக்கி எழுந்து போய் இன்னொரு கிண்ணம் கரைத்துக்கொண்டு வந்தாள்.

"இது எப்பவாவது ஒரு தடவையா, குருவே?"

"ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு தடவை. நம்ம நெஞ்சுல இப்பவும் நடக்குது. இறுகியிருக்கிற நேரத்தைவிடத் தளர்ந்திருக்கிற நேரம்தான் ஜாஸ்தி."

"நான் அது ஓயறதே இல்லைன்னு..."

செங்கமலம் பாதியில் நிறுத்தினாள். தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை சிவப்பு. இரண்டு கைகளும்.

திரும்பினாள்.

மயிலம்மை பாயில் மல்லாந்து கிடந்தது. எப்போது இறக்கி வைத்தோம் என்று நினைவில்லை. அதன் வயிறு ஏறி இறங்கியது. கால் கட்டைவிரலைப் பிடிக்கப் போய்த் தவறவிட்டு, மறுபடி எட்டிப் பிடித்தது.

செங்கமலம் பாயருகே உட்கார்ந்தாள்.

"இவ்வளவு நேரமா இவளை யார் பார்த்துக்கிட்டிருந்தா?"

"யாரும் இல்லை, அக்கா."