ஹேண்ட் பிரேக் போட்ட மாவு மில்

நடமாடும் மாவு மில், நடமாடிக்கொண்டே அரைக்கிறது என்று நம் மக்களில் கணிசமானோர் நம்பி வருகிறார்கள். இந்தப் பிழையை இனியும் வளரவிடுவது நல்லதல்ல. அது நின்றுதான் அரைக்கும். பெயர் வைத்தவர் அவசரப்பட்டுவிட்டார்.

அதே அவசரம் திருமூர்த்திக்கும் இருந்தது.

"அம்மணி, இந்தப் பூட்டைக் கழட்டிப் போடுங்க."

பல்லடம் சாலையிலிருந்த தன் பட்டறையில் நவமணி ஒரு பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன் எஞ்சினிலிருந்து பெல்ட் இழுத்து எதையும் சுற்றவைப்பவர் அவர். கரும்பு ஜூஸ் மெஷின், பஞ்சர் ஒட்டும் கம்ப்ரசர், கார் கழுவும் பம்பு, எதுவானாலும் சரி.

திருமூர்த்தி முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஆறு மாதம் நவமணியிடம் வேலை கற்று, தன் வேனுக்குள் மாவு மில்லைத் தானே பூட்டிக்கொண்டார்.

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு. நூல்களில் இதற்குத் தடை ஏதும் இல்லை.

"எந்தப் பூட்டுங்ணா?"

"ஹேண்ட் பிரேக் போட்டாத்தான் மில்லு சுத்துது. தெருவுக்கு அரை மணி நேரம் நிக்கறேன். பதினொரு தெரு. கடைசி மூணு தெருவுக்குப் போறதுக்குள்ள மத்தியானம் ஆயிருது. அங்க எல்லாரும் பாக்கெட் மாவுக்கு மாறிட்டாங்க. இப்படியே போனா நான் மறுபடியும் லாரிக்குத்தானுங்க போகோணும்."

"ஓடறப்பவே அரைக்கோணுமா?"

"அதேதானுங்க."

"உள்ள அரையறது யாரு மாவுங்ணா?"

"இதென்ன கேள்வி? அரைக்கக் குடுத்தவங்களோடதுங்க."

நவமணி கட்டிங் பிளேயரை எடுத்துத் திருமூர்த்தியின் கையில் வைத்தார்.

"அந்தச் செவப்பு ஒயருதான் பூட்டு. நீங்களே வெட்டுங்க. ரெண்டாவது கியருக்கு மேல போகாதீங்க."

வெட்டினார்.

மறுநாள் காலை, முதல் தெருவில் ராமாத்தாள் இரண்டு கிலோ மிளகாய் கொண்டுவந்தார். திருமூர்த்தி அதை மில்லில் கொட்டினார். லிவரை இழுத்தார். வண்டியையும் கிளப்பினார்.

ராமாத்தாள் மிளகாய் கொண்டுவந்த போசியை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே நடந்தார்.

"நீங்க ஊட்டுக்குப் போங்க. திரும்பி வாரப்ப பொடியைக் குடுத்தர்றேன்."

"என்ற மொளகா உங்க வண்டியில போகுது. நான் ஊட்டுல போயி உக்காந்துக்கறதா?"

"நான் என்ன எடுத்துக்கவா போறேன்?"

"நீங்க எடுக்க மாட்டீங்ணா. எவளோட கம்பு மாவாச்சும் வந்து கலந்துரும். நீங்க ஓட்டுங்க, நான் வாரேன்."

வேன் மெல்லப் போனது. எனவே மில்லும் மெல்லச் சுற்றியது. மிளகாய் முடிந்தபாடில்லை. இரண்டாம் தெருவில் வாங்கிப்போட்ட கம்பும், மூன்றாம் தெருவில் வாங்கிப்போட்ட அரிசியும் முறைக்காக வண்டிக்குள் காத்திருந்தன. அவற்றின் சொந்தக்காரர்கள் வண்டிக்குப் பின்னால் நடந்தார்கள்.

ஆறாவது தெருவுக்குள் நுழைந்தபோது, வேனுக்குப் பின்னால் பாத்திரங்களோடு பதினான்கு பேர்.

ஒரு வீட்டிலிருந்து ஒருவர், மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டபடி ஓடிவந்தார். கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"என்ன சாமிங்க வருது?"

"மொளகாப் பொடிங்க," என்றார் ராமாத்தாள், நடந்தபடியே.

அந்த மனிதர் தும்மினார். பிறகு மறுபடியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

மாலையில் வேன் பட்டறைக்கு வந்தது.

"எத்தனை தெருங்ணா?"

"பதினொண்ணும். பன்னெண்டு மணிக்கு முன்னாடியே."

"அப்புறமென்ன?"

"கூடவே இருவத்தி மூணு பேரு நடந்தாங்க அம்மணி. ஒருத்தரு ஊட்டுலயும் நேரத்துக்கு அடுப்புப் பத்தல."

"பொடி?"

"வெரசாப் போன எடத்துல நைசு. மெதுவாப் போன எடத்துல ரவை. மொளகா குடுத்த அம்மா சல்லடை கொண்டாந்து, என்ற மூஞ்சிக்கு நேரா சலிச்சுக் காட்டுச்சு."

நவமணி சிரிக்கவில்லை. அதற்கு அவர் பட்ட பாட்டையும் இங்கே குறிப்பிடுவதுதான் நியாயம்.

"இப்ப என்ன பண்ணோணும்?"

"டேப்பு குடுங்க."

வெட்டிய ஒயரின் இரு முனைகளையும் திருமூர்த்தியே முறுக்கிச் சேர்த்தார். மேலே டேப்பைச் சுற்றினார்.

"அந்தக் கடைசி மூணு தெரு?" என்றார் நவமணி.

சுற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"அம்மணி, அதைக் கடைசித் தெருன்னு சொன்னது யாருங்க?"

"நீங்கதான்."

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திருமூர்த்தி பதினோராவது தெருவில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டார். ஒன்பது பேர் பாத்திரத்தோடு வந்தார்கள். முதல் தெருவில் அதற்கு அடுத்த நாள் தொடங்குவதாக ராமாத்தாளுக்குச் சொல்லியனுப்பியிருந்தார்.

பதினொன்றின் நடு ஆறு. எந்த முனையில் தொடங்கினாலும் ஆறாவது தெரு ஆறாவதாகத்தான் வரும்.

அங்கே அந்த மனிதர் தேங்காயும் கற்பூரமுமாக நின்றுகொண்டிருந்தார்.